மூன்று நிமிடத்துக்கு மேல்

என் அன்பு பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் கறுப்பியும் அவள் புதுக் கன்றும் சௌக்கியம், எங்கள் நாலு பேரில் கறுப்பிதான் ரொம்பச் சௌக்கியம், கன்று போட்ட பிறகு அவளுக்கு இருக்கும் ராஜோபசாரம் நீ பிறந்தபோது எனக்குக்கூட இருந்ததில்லை. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் இதைத் தொடங்குகிறேன், அந்த நம்பிக்கை பொய் என்று தெரிந்தால் அதற்குத் தனியாகத் திட்டு உண்டு. அம்மா பேனாவும் தாளுமாக உட்கார்ந்துவிட்டாளே என்று உனக்கு ஆச்சரியமாக இருக்கும். அப்பாவுக்கும் அப்படித்தான், கையில் ஏதோ மோட்டாரின் வயிற்றைப் பிரித்து வைத்துக்கொண்டு, "போன்ல சொல்ல முடியாத அளவுக்கு அப்படி என்ன பெரிய சமாச்சாரம்" என்று கேட்டார். போனில் சொல்ல முடியாத சமாச்சாரமே போனைப் பற்றியதுதான் என்று சொன்னேன், பிறகு அவர் விளக்கை என் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

போன வியாழக்கிழமை நீ அனுப்பிய செய்தியைப் பால் சென்டரில் வேலை நேரத்தில்தான் பார்த்தேன். "அம்மா, மூணு வருஷமா நீ என்கிட்ட மூணு நிமிஷத்துக்கு மேல பேசினதே இல்ல, நான் கடிகாரம் பார்த்தே பேசியிருக்கேன். நான் இவ்வளவு தூரம் வந்தது உனக்குப் பிடிக்கலையா, என்மேல ஏதாவது கோபமா, இருந்தா சொல்லிடு, இந்த லீவுக்கு நான் வரல, உனக்குத் தொந்தரவா இருக்க வேண்டாம்" என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டு ஒரே கேன் பாலை இரண்டு தடவை சோதித்தேன். கேன்காரர், "என்ன சென்டரம்மா, எங்க பால்மேல திடீர்னு சந்தேகம்" என்று கோபித்துக்கொண்டார். சந்தேகம் பால்மேல் இல்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது. உன்னிடம் சொல்ல வேண்டியதை நான்தான் மூன்று வருஷமாகச் சொல்லாமல் வைத்திருக்கிறேன், அதனால் நீ உனக்குத் தோன்றியதை இட்டு நிரப்பிக்கொண்டாய். பெற்றவள் வாயை மூடினால் பிள்ளை வேறு எதைத்தான் நினைக்கும்.

முதலில் ஊர் எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் மற்றது புரியாது. நீ போய் மூன்றாவது வாரம் ஓடையில் வெள்ளமாகத் தண்ணீர் வந்ததிலிருந்து இங்கே காலமே இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது, தண்ணிக்கு முன்னாடி, தண்ணிக்கு அப்புறம். போன மாதம் இரண்டு பேர் ஒரு பசுவின் வயசுக்காகச் சென்டர் வாசலில் சண்டை போட்டார்கள், "தண்ணிக்கு முன்னாடி பொறந்த மாடுய்யா இது" என்று ஒருவர், "தண்ணி வந்தப்போ உன் மாடு அது அம்மா வயித்துல இருந்துச்சு, கதை விடாதே" என்று மற்றவர். தையல்காரர் கடை மூடும்போது மெஷினைக் கயிறு கட்டி உத்தரத்துக்குத் தூக்கிவிட்டுத்தான் போகிறார், வானத்தில் பொட்டு மேகம் இல்லாத நாளிலும் அப்படித்தான். அப்பா அவரிடம் மெஷின் நல்லா ஊஞ்சல் ஆடுதா என்று கேட்டதற்கு, நீ உன் மோட்டாருக்கெல்லாம் நீச்சல் கத்துக் குடுத்துட்டியா என்று பதில் வந்ததாம். நம் முன்னறைச் சுவரில் தண்ணீர் நின்ற கோட்டை நாலு தடவை வெள்ளையடித்து மறைத்தாயிற்று, மழைக்காலம் வந்தால் மெல்ல எட்டிப் பார்க்கிறது. அந்தக் கோட்டுக்குக் கீழே அப்பா ஓர் ஆணிகூட அடிக்க விடுவதில்லை, கீழே இருக்கிறது தண்ணியோட பங்கு, மேலே இருக்கிறதுதான் நம்ம பங்கு என்கிறார், சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார், ஆனால் ஆணி அடிக்க விடுவதில்லை. கறுப்பி இன்னும் ஓடையில் இறங்கிக் குடிப்பதில்லை, அவளுக்கு வாளியில் மொண்டு வைக்க வேண்டும். தண்ணிக்கு அப்புறம் பிறந்த மாடுகள் பாட்டுக்கு முழங்கால் அளவுக்கு இறங்கி நிற்கும், பழைய மாடுகள் கரையிலேயே நின்று அதுகளைப் பார்த்துக்கொண்டிருக்கும். நாங்களும் அப்படித்தான் இருக்கிறோம் என்று எனக்குத் தோன்றும்.

சைரன் விஷயம் உனக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். பால் வேன் வந்தால் ஒரு நீளச் சத்தம், ஓடையில் தண்ணீர் வந்தால் மூன்று சின்னச் சத்தம் என்று சென்டர் வாசலில் அட்டையில் எழுதி ஒட்டியது நான்தான், அந்த எழுத்தைப் பார்த்து நீகூட அம்மா கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்றாய். சாயங்காலம் பால் நேரத்தில் சைரன் கேட்டால் எத்தனை தடவை ஊதுகிறது என்று யார் எண்ணிக்கொண்டு நிற்பார்கள். அன்றைக்கும் வேன் சீக்கிரம் வந்துவிட்டது என்று கேனைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் ஓடைக்கரையில் இருந்த பழைய சென்டருக்கு இறங்கி வந்தார்கள். மேட்டுக்கு ஓடுங்கள் என்று நான் ஊதிய சைரன் அவர்களைத் தண்ணீரைப் பார்த்து வாருங்கள் என்று கூப்பிட்டது. முக்கால்வாசிப் பேர் இறக்கத்திலேயே தண்ணீரின் நிறத்தைப் பார்த்துவிட்டு, கேனை விட்டுவிட்டுத் திரும்பி ஓடினார்கள், கேன்கள் போயின, தொழுவங்கள் போயின, கரையோர வீடுகளில் இருந்ததெல்லாம் போயின, ஆள் போனது ஒருவர்தான். நம் முதல் கேன் மாமா. அக்கரையிலிருந்து வந்தாலும் எந்நாளும் வரிசையில் தன் கேன்தான் முதலில் இருக்க வேண்டும் என்று அடம்பிடிக்கும் மனுஷர், அன்றைக்கும் நடைபாலத்தில் முதல் ஆளாக வந்துகொண்டிருந்தார், பாலத்தோடு போய்விட்டார். அந்தச் சைரன் தப்பை ஊர் என்மேல் போடவில்லை, நாங்கதான் எண்ணாம வந்தோம் என்று அவர்களே பங்கு போட்டு எடுத்துக்கொண்டார்கள். சென்டரை இப்போது மேட்டில் பழைய பள்ளிக்கூடச் சாமான் அறைக்கு மாற்றிவிட்டோம், மேடு ஏறி வர்றதுக்குள்ள பால் வெண்ணெயாயிடுது என்று புலம்பிக்கொண்டேதான் எல்லோரும் வருகிறார்கள். சைரனை யாரும் தொடுவதில்லை, வேன்காரர் ஹாரன் அடிக்கிறார். இன்னொன்றும் உண்டு, அது யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்ததல்ல, வரிசையில் முதல் இடத்தில் யாரும் கேன் வைப்பதில்லை. ஒரு கேன் அளவுக்கு இடம் விட்டுத்தான் வரிசை தொடங்கும். புதிதாக வருகிறவர்கள் தெரியாமல் வைத்தால் பின்னால் இருப்பவர் காலால் நகர்த்தி வைப்பார்.

ஊருக்குத் தெரியாத ஒன்று என்னிடம் இருந்தது. எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். போன மாதம் ஒரு முற்பகலில், காலைப் பாலை அனுப்பிவிட்டுக் கேன் கழுவிக்கொண்டிருந்தபோது மதகுக்காரர் வந்தார். மேலே அணைக்கட்டில் மதகைப் பார்த்துக்கொள்பவர், தண்ணீர் ஏறினால் நம் சென்டருக்குப் போன் செய்ய வேண்டியவர் அவர்தான். அன்றோடு அவருக்கு ஓய்வு. கவிழ்த்து வைத்த கேன்மேல் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "தங்கச்சி, சாவியை ஒப்படைச்சுட்டேன், ரிஜிஸ்டரை ஒப்படைச்சுட்டேன், ஒண்ணு மட்டும் கையில நிக்குது, அது ஆபீஸுக்குச் சொந்தமில்ல, உனக்குத்தான் சொந்தம்" என்றார். தண்ணீர் வடிந்த பிறகு நடந்த ஊர்க் கூட்டத்தில் மழையில லைன் கிடைக்கல என்று அவர் சொன்னது பொய்யாம். "லைன் கிடைச்சுது தங்கச்சி. ரெண்டு தடவை அடிச்சேன், ரெண்டு தடவையும் ஒரு பொம்பளக் குரல், நீங்கள் அழைத்தவர் வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார்னு சொல்லுச்சு, ரொம்ப மரியாதையாத்தான் சொல்லுச்சு" என்றார். தெரியும்ணே என்றேன். அதற்கு அவர், "உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்னு உனக்குத் தெரியுமான்னுதான் தெரியாம இருந்துச்சு" என்றார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது, சிரிக்கிற விஷயமா அது, ஆனால் வந்தது. பிறகு அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

பாப்பா, அப்போது நான் பேசிக்கொண்டிருந்தது உன்னோடு. இங்கே வெறும் தூறல்தான், மழையெல்லாம் மலைப்பக்கம். தூறல் விழுந்தாலே என் கைபேசிக்குச் சளி பிடித்துவிடும் என்று நீ சென்டர் போனுக்குக் கூப்பிட்டாய். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளி உன் கையைத் தட்டிவிட்டு, ஊசி போடத் தெரியாதவளையெல்லாம் யார் வேலைக்கு வைத்தது என்று கத்தியிருந்தார், நீ தேம்பித் தேம்பி அழுதாய், நான் திரும்பி வந்துடறேன்மா, எனக்கு இங்க யாருமில்ல என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். நடுவில் டுக் டுக் என்று காதில் கேட்டது. இன்னொருவர் கூப்பிடுகிறார் என்று அர்த்தம். வேன்காரராகத்தான் இருக்கும், தூறல் போட்டால் வேன் தாமதம் என்று சொல்வதற்கு அவர் கூப்பிடுவது வழக்கம், காத்திருக்கட்டும், என் பொண்ணு அழுகிறாள் என்று விட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து இரண்டாவது தடவை கேட்டது. அப்போது ஒரு நொடி யோசித்தேன், எடுத்துப் பார்க்கலாமா என்று. யோசித்துவிட்டுத்தான் எடுக்கவில்லை. யோசிக்காமல் இருந்திருந்தால் கவனக்குறைவு என்று ஒரு பெயர் வைத்து அதைத் தூக்கிப் போட்டிருப்பேன். உன் அழுகை நின்று, மூக்கை உறிஞ்சிக்கொண்டு சரிம்மா வைக்கிறேன் என்று நீ சொல்கிற வரை நாலு நிமிடமோ ஐந்து நிமிடமோ ஆகியிருக்கும். போனை வைத்த கையோடு அது அடித்தது, மதகுக்காரர் குரல். நான் சைரனுக்கு ஓடினேன்.

லைன் கிடைக்கவில்லை என்று அவர் சொன்னதை ஊர் நம்பியது, நம்பி ஒரு வழக்கத்தையும் உண்டாக்கிக்கொண்டது, மேகம் கூடினால் யாரும் மூன்று நிமிடத்துக்கு மேல் போனில் பேசக் கூடாது, லைனைக் காலியாக வை. இப்போது மதகிலிருந்து எல்லோருடைய கைபேசிக்கும் நேராகச் செய்தி வருகிறது, ஆனாலும் வழக்கம் போகவில்லை. வம்பு பேசுகிறவர்கள்கூடப் போனில் தலைப்பை மட்டும் சொல்லிவிட்டு, விவரம் வேணும்னா வீட்டுக்கு வா என்று வைத்துவிடுகிறார்கள். மற்றவர்களுக்கு அது மேகம் கூடினால் மட்டும். எனக்கு நீ கூப்பிட்டாலே மேகம் கூடிவிடும். உன் குரல் ஓடத் தொடங்கியதும் காதுக்குள் அந்த டுக் டுக் வரும், வராத சத்தம்தான், ஆனால் வரும், சாதம் அடுப்பில் இருக்கிறது, அப்பா கூப்பிடுகிறார், மாடு கத்துகிறது என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். வைத்த பிறகு போனை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், நீ சொல்ல வந்த மீதி என்னவாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டு. இதுதான் கோபம் என்று நீ நினைத்தது.

மதகுக்காரர் சொல்லிவிட்டுப் போனபின் நாலு நாள் எனக்கு வேலை ஓடவில்லை. அப்பாவிடம் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார், ஒரு தாளை எடுத்துப் பாலம், சென்டர், முதல் கேன் மாமா வீடு என்று கோடு போட்டார், நாலு நிமிஷம் முன்னாடி சைரன் கேட்டிருந்தா அவர் நாலு நிமிஷம் முன்னாடி பாலத்தைத் தாண்டியிருப்பார், இல்ல, அப்பவும் சரியாப் பாலத்து நடுவுலதான் இருந்திருப்பார், இல்ல, என்று அடித்து அடித்து எழுதிவிட்டுத் தாளைக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டார். அந்தக் கணக்கை நான் எல்லாப் பக்கமும் போட்டுப் பார்த்தவள், அதற்கு விடை கிடையாது. பிறகு அவர்தான் சொன்னார், என்கிட்ட சொல்லி என்ன புண்ணியம், சொல்ல வேண்டிய இடம் அக்கரையில இருக்கு என்று.

போன திங்கட்கிழமை புதுப் பாலத்தைத் தாண்டி முதல் கேன் மாமா வீட்டு அத்தையைப் பார்க்கப் போனேன். மாமா போனபின் இரண்டு மாட்டையும் அந்த அக்காதான் தனியாகப் பார்த்துக்கொள்கிறாள், சென்டரில் கேனைக் கடைசியில் வைத்துவிட்டு யாரோடும் பேசாமல் போய்விடுவாள். நான் போனபோது தீவனம் வெட்டிக்கொண்டிருந்தாள். என்ன சென்டரம்மா, என் பால்ல தண்ணி கலந்திருக்குன்னு சொல்ல இவ்வளவு தூரமா என்றாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், யோசித்ததையும் சொன்னேன், அதை விடவில்லை. அவள் வெட்டுவதை நிறுத்தவில்லை, நான் முடித்த பிறகும் ஒரு கட்டு வெட்டினாள். பிறகு, எத்தனை தடவை அடிச்சுது என்று கேட்டாள். இரண்டு என்றேன். உன் பொண்ணு எதுக்கு அழுதா என்றாள், சொன்னேன். அழுகை நின்னுச்சா என்றாள். நின்றது அக்கா என்றேன். சரி, போ என்றாள். அவ்வளவுதான். தண்ணீர் குடி என்றுகூடச் சொல்லவில்லை. திரும்பி வரும்போது பாலத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் அவள் பால் ஊற்ற வரவில்லை, அதற்கு மறுநாளும் இல்லை. இனி வரவே மாட்டாள், ஊரைக் கூட்டுவாள், கூட்டட்டும், அது அவள் உரிமை என்று என்னைத் தயார் செய்துகொண்டேன். நடுவில்தான் உன் செய்தி வந்தது, இரண்டு பக்கமும் போச்சு என்று நினைத்தேன். அன்றைக்குச் சாயங்காலமே அவள் வந்தாள். வரிசை தொடங்கியிருந்தது, முன்னால் அந்த ஒரு கேன் இடம் எப்போதும்போலக் காலி. நேராக நடந்து வந்து தன் கேனை அந்த இடத்தில் டங்கென்று வைத்தாள். வரிசையில் நின்ற தையல்காரர், "அக்கா, அது அண்ணன் இடம்" என்று மெல்லச் சொன்னார். "எனக்குத் தெரியாததையா நீ சொல்ற, முப்பது வருஷம் அந்த மனுஷனோட அவசரத்தை நான்தான் பார்த்தேன், உங்க சைரனுக்காகவா அவர் வந்தார், சைரன் இல்லாத காலத்துலயே வேனுக்கு முன்னாடி நிப்பார்" என்றாள். யாரோ சிரித்துவிட்டார்கள், அவளும் சிரித்தாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் அவள் பாலை அளந்தேன். சீட்டை வாங்கும்போது என் பக்கம் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், "உன்னை மன்னிச்சுட்டேன்னு நினைக்காதே, எனக்கு அதெல்லாம் இன்னும் தெரியல. இனிமே என்கிட்ட அதைப் பத்திப் பேசாதே, உன் பொண்ணுகிட்ட பேசு. பேசும்போது கேளு, அவ போன்ல அவரோட படம் ஏதாச்சும் இருக்கான்னு, என் வீட்ல ஒண்ணுகூட மிஞ்சல" என்றாள்.

அதனால்தான் இந்தக் கடிதம். படித்தவுடன் நீ என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும், உன்னைப் பெற்றவள் நான். அப்போ நான் கூப்பிட்டதாலதானே என்று தொடங்குவாய். தொடங்காதே. பிள்ளைக்கு அழுகை வந்தால் அம்மாவைக் கூப்பிடும், அதற்குத்தான் அம்மா. காதில் சத்தம் கேட்டது எனக்கு, உனக்கு இல்லை, முடிவெடுத்ததும் நான். அது என் சுமை, அதை நான் சுமக்கக் கற்றுக்கொள்கிறேன், அதில் ஒரு நுனியைக்கூட நீ பிடிக்க வேண்டாம். உன்னிடம் கேட்பது ஒன்றுதான், மூன்று வருஷம் உன்னை மூன்று நிமிடத்தில் அடைத்து வைத்ததற்கு என்மேல் கோபப்பட்டால் பட்டுக்கொள், அது நியாயம், ஆனால் உன்மேல் எனக்குக் கோபம் என்று மட்டும் இனி நினைக்காதே. இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், நான் நல்லவள் இல்லையோ என்னவோ, ஆனால் அன்றைக்கு உன் அழுகை நின்றது என்பதை நினைக்கும்போது இன்றைக்கும் எனக்கு ஆறுதலாகத்தான் இருக்கிறது. இரண்டும் ஒரே நெஞ்சில் எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை, இருக்கிறது.

படம் தேடிப் பார். நீ கிளம்பிய அன்று பழைய சென்டர் வாசலில் பெட்டியோடு நிற்க வைத்து அப்பா எடுத்தாரே, அதில் உன் தோளுக்குப் பின்னால் வரிசை தெரியும், முதலில் யார் இருப்பார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. முகம் தெரிந்தால் பெரிதாக்கி அச்செடுத்துக்கொண்டு வா. அனுப்பாதே, நீயே கொண்டு வா. லீவு எழுதிக் கொடுத்துவிடு, வரவில்லை என்று எழுதியதை நான் படிக்கவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். நின்று நின்று வேலை செய்கிற காலுக்குத் தினமும் வெந்நீர் வை, செருப்பில் சிக்கனம் பார்க்காதே. உன்னைத் திட்டிய அந்த மாதிரி நோயாளி இனி யார் வந்தாலும், வலியில் கத்துகிறார் என்று விட்டுவிடு, உன் கை நல்ல கை. எந்தக் குறையும் உன்னை அண்டாமல், நூறு பேர் வாழ்த்த நீ நன்றாக இருக்க வேண்டும், அப்பாவும் நானும் நாள் தவறாமல் அதைத்தான் வேண்டிக்கொள்கிறோம்.

கடிதம் கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. அடுப்பை அணைத்துவிட்டு, கறுப்பிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, அப்பாவை வெளியே அனுப்பிவிட்டு உட்கார்ந்திருப்பேன். மூன்று வருஷ மீதியையும் சொல்லு, நான் வைக்க மாட்டேன். ஆனால் நடுவில் டுக் டுக் என்று நிஜமாகவே கேட்டால், நீ அழுதுகொண்டிருந்தாலும் சரி, சிரித்துக்கொண்டிருந்தாலும் சரி, வைக்கிறேன் என்றுகூடச் சொல்லாமல் வைத்துவிடுவேன். கோபித்துக்கொள்ளாதே. போனைக் கையிலேயே வைத்திரு, திரும்பக் கூப்பிடுவேன்.

உன் வரவுக்கும் குரலுக்கும் காத்திருக்கும்,
அம்மா